பதினாறடி முகப்பு

புத்தளத்தில் கடை விலை பேசுகிறவர்கள் நிலம் எத்தனை பேர்ச்சஸ் என்று முதலில் கேட்பதில்லை. முகப்பு எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். தெருவைப் பார்த்திருக்கும் அடிக்குத்தான் விலை. பின்னால் கிட்டங்கி, கிணறு, முற்றம், வேம்பு எல்லாம் இருந்தாலும் அவை கணக்கின் வாலில்தான் வரும்.

எங்கள் மூத்தவாப்பா கட்டிய கடைக்கு முகப்பு பதினாறடி. வாப்பா மௌத்தானபோது உம்மா உயிரோடு இல்லை. ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர். பராயிழ் கணக்குப்படி ஏழு பங்கு. பதினாறை ஏழால் வகுத்தால் சகோதரி ஒவ்வொருவருக்கும் இரண்டடி மூன்றங்குலச் சொச்சம், காக்காவுக்கும் எனக்கும் நாலடி ஆறங்குலச் சொச்சம். இரண்டடியில் ஒரு வெற்றிலைத் தட்டுக்கூட வைக்க ஏலாது. இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. கடைத்தெருவின் பழைய கட்டடங்கள் ஏன் மறைந்தன என்று கேட்கிறவர்கள் யுத்தத்தையும் கலவரத்தையும் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், சத்தமில்லாமல் கூடுதலான கட்டடங்களை விழுத்தியது பங்குப் பிரிவினைதான். முப்பதடிக் கடை இரண்டாகி, நாலாகி, நடுவில் கொங்கிறீட் கற்சுவர் எழும்பி, கடைசியில் ஐந்தடி அகலத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கும் கடையாகி நிற்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் விளம்பரப் பலகைக்கு மேலே பழைய முகட்டுச் சுவரின் ஒரு துண்டு தெரியும். அதில் சுண்ணாம்பில் பிடித்த பிறை பாதியிலே அறுந்திருக்கும். மறுபாதி பக்கத்துக் கடைக்காரருடைய பங்கு.

இந்தக் கரையில் கட்டடத்துக்கு ஆயுள் எப்போதும் குறைவுதான். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய இப்னு பதூதா ‘பத்தாலா’ என்று எழுதியது புத்தளத்தைத்தான் என்பது பலரும் ஒப்பிய கருத்து. சின்ன அழகிய பட்டினம், சுற்றி மரத்தால் மதில், மரத்தால் கோபுரங்கள் என்கிறார். கரையெல்லாம் கறுவா மரங்கள் கிடந்தன என்றும் சொல்கிறார். அந்த மர மதிலில் ஒரு துண்டும் நமக்கு மிஞ்சவில்லை. அதற்குப் பின் வந்ததெல்லாம் உப்பின் கதை. கண்டி ராச்சியத்துக்கு உப்பு போன வாசல்களில் ஒன்று இது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டு, சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பள்ளும் உரிமையைக் கண்டியாருக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1926இல் ரயில் வந்தது. எங்கள் மூத்தவாப்பா அந்த ரயிலை நம்பித்தான் கடை கட்டினார். முன்னால் பலசரக்கு, பின்னால் கிட்டங்கியில் உப்பும் கருவாடும்.

ஒன்றரை முழச் சுவர். சிப்பி சுட்ட சுண்ணாம்பு. பனங்கைமரம், அதன்மேல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ஓடு. கதவு என்று ஒன்று கிடையாது. மேலும் கீழும் காடி வெட்டி, அதில் ஒவ்வொன்றாகச் சொருகும் பன்னிரண்டு பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் தமிழ் இலக்கம் செதுக்கியிருக்கும். வரிசை மாறினால் காடியில் ஏறாது. சுபஹு தொழுதுவிட்டு வாப்பா பலகை கழற்றும் சத்தத்தைக் கேட்டே தெரு விழித்தது என்று சொன்னால் மிகையாகப் படலாம். எதிர்க் கடைக்காரர் அப்படித்தான் சொல்லுவார்.

உப்புக் காற்றில் சுண்ணாம்புச் சுவர் ஏன் நின்றது, சீமெந்து ஏன் நிற்கவில்லை என்பதை எனக்குப் பிற்காலத்தில் ஒரு வயதான மேசன் விளக்கினார். சுண்ணாம்பு மூச்சுவிடும். நிலத்து ஈரம் ஏறினாலும் வெயிலுக்கு வெளியே போய்விடும். உப்பு பூத்தால் பொருக்காக உதிரும், வருசத்துக்கொரு முறை வெள்ளையடித்தால் சரி. சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கம்பி போட்ட கொங்கிறீட்டென்றால் இன்னும் மோசம். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முப்பது வருசத்து மாடிகளின் அடிப்பாகத்தில் கம்பி பல்லிளிப்பதைத் தெருவெங்கும் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால் சீமெந்தே எங்கள் ஊருடையது. அருவாக்காட்டிலே சுண்ணக்கல்லை வெட்டி, பாலாவி ஆலையிலே அரைத்து, நாடு முழுவதும் அனுப்பியது புத்தளம். 1970களுக்குப் பிறகு சிப்பி சுடுகிறவர்களுக்கு வேலை இல்லாமற்போனது. சீமெந்துத் தூசி விழும் ஊரிலே சுண்ணாம்புக்கு யார் அலைவார்?

அந்தப் பத்தாண்டுகளில் நடந்த வேறொன்றையும் சொல்லாமல் இந்தத் தெருவைப் பற்றி எழுத முடியாது. 1976 பெப்ரவரி 2ஆம் திகதி பெரிய பள்ளிக்குள் பொலிசார் சுட்டதில் ஏழு பேர் ஷஹீதானார்கள். கடைகளும் எரிந்தன. எரிந்தவர்கள் திரும்பக் கட்டியபோது பலகைக் கதவு வைக்கவில்லை. இரும்புச் சுருள் கதவு வைத்தார்கள். கட்டடக் கலை மாற்றம் என்று நூல்களில் எழுதப்படுவதற்குப் பின்னால் இப்படிச் சில இரவுகள் இருக்கின்றன.

கற்பிட்டிக்குப் போனால் 1667இல் ஒல்லாந்தர் தொடங்கிய கோட்டை இருக்கிறது, பழைய ஒல்லாந்தர் தேவாலயம் இருக்கிறது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அப்படியானவற்றைக் காப்பதற்கு உண்டு. வேண்டியதுதான். ஆனால் உப்பு விற்றவனுடைய கடையும் கருவாட்டுக் கிட்டங்கியும் யாருடைய பட்டியலிலும் ஏறுவதில்லை. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு நம் கடைத்தெருக்களை ஒரு ஆள் நடந்து எண்ணியிருந்தால் போதுமே என்று சில வேளை தோன்றும்.

இனி 1990. அவ்வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களை எங்கள் ஊர்ப் பையன்கள் தோளிலே தூக்கிக் கரைசேர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் எழுபத்தையாயிரம் பேரில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்கே வந்தது. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. தில்லையடியும் பாலாவியும் நுரைச்சோலையும் இரண்டு வருடத்தில் வேறு ஊர்களாயின.

ஆரம்பத்தில் சோற்றுப் பொதியோடு ஓடினோம். பிறகு பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை, கிணற்றில் தண்ணீர் போதவில்லை, உத்தியோகத்தில் பங்கு கேட்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. ‘அகதி’ என்ற சொல் பெயராக இருந்து ஏச்சாக மாறியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அதே வாயால்தான் வாடகையையும் ஏற்றினோம். கடைத்தெருவில் முகப்பு அடியின் விலை ஏறியது அவர்களாலே. இரும்புக்கடை, தையற்கடை, லொறி யாவாரம் எல்லாவற்றிலும் யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கம் வந்து சேர்ந்தது. இரவு எட்டு மணிக்குப் பலகை போட்ட தெரு பத்து மணிவரை விளக்கோடு நின்றது.

சோனகத் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் முதலில் எங்கள் வேம்படியில் பழைய இரும்பும் போத்தலும் வாங்கினார். 1993இல் வாப்பா அவருக்குக் கடையைக் கொடுத்தார். கீ மணி வாங்கவில்லை. “பாத்துத் தாங்க” என்றார், அவ்வளவுதான். அவர் எங்கள் மூத்தவாப்பாவின் சுண்ணாம்புச் சுவருக்குள்ளே இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் சீமெந்தும் கம்பியும் விற்றார். பலகைகளை மாற்றவில்லை. யாழ்ப்பாணத்தில் தன் கடைக்கும் இதே மாதிரிப் பலகைதான் என்பார். 2002இல் பாதை திறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து, “கூரைய விடுங்க தம்பி, நிலையக்கூடக் கழட்டிப்போட்டாங்க” என்றார். 2009க்குப் பிறகு அவருடைய இரண்டு மச்சான்மார் திரும்பிப் போனார்கள். இவர் போகவில்லை. பிள்ளைகள் இங்கே முடித்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்றால் ஒரு சுற்றுலா.

கடைக்கு இப்போது ஒரு கேள்வி வந்திருக்கிறது. இருபக்கக் கடைகளையும் சேர்த்து வாங்கி மூன்று மாடி கட்டப்போகிறவர்கள். சொல்லும் விலையைக் கேட்டால் ஏழில் ஒரு பங்குக்காரிக்கும் தலை சுற்றும். நிபந்தனை ஒன்றுதான்: காலியாக வேண்டும். காக்காவைக் குறை சொல்ல ஏலாது. அவருக்கு முடிக்கவேண்டிய குமர்கள் இரண்டு, வாடகை கூரையின் ஒழுக்குக்கே காணாது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் புரட்டி, வழக்கென்றால் இழுபடும், ஒரு தொகை கொடுத்துப் பேசி எழுப்புவதே நல்லது என்று சட்டத்தரணி சொன்னார். பேசுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நானா முழுவதையும் கேட்டார். பிளேன்ரீ வரவழைத்தார். “எவ்வளவு தவணை தருவீங்க, தம்பி?” என்று கேட்டார். ஆறு மாதம் என்றார் காக்கா.

“அது தாராளம். போன முறை ரெண்டு மணித்தியாலந்தான் தந்தவங்க.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னார், கொப்பியிலே எழுதுகிற மாதிரி. தொகை எதுவும் வேண்டாம், வாப்பா கீ மணி வாங்காத கடைக்குத் தான் காசு வாங்கிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றும் சொன்னார். வரும் வழியில் காக்கா மோட்டார் சைக்கிளை இரண்டு தரம் பிழையான ஒழுங்கையில் திருப்பினார்.

சின்ன ராத்தா ஒப்பமிட மறுத்துவிட்டார். “என்ட ரெண்டடி மூணங்குலத்த நான் விக்கல்ல. அவர் அதிலயே இரிக்கட்டும்” என்கிறார். ஐந்து பேரும் ஒப்பமிடாமல் வாங்குகிறவர்கள் முற்பணம் தரமாட்டார்கள். மற்ற ராத்தாமார் காக்காவின் பக்கம். பெருநாளன்று எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிட்டோம், கடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் காக்காவின் மூத்த குமருடைய செலவில் என் பங்கு இவ்வளவு என்று சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

இதற்கிடையில் வாடைமழை தொடங்குமுன் கூரையைப் பார்க்க ஓடாவியைக் கூப்பிட்டோம். கைமரத்தில் இரண்டுதான் பழுது என்றார். சுவர்தான் சிக்கல்: எண்பதுகளில் வாப்பா கீழ்ப்பாகத்துக்குப் பூசிய சீமெந்தை உரித்துவிட்டு, ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்பு பூசவேண்டுமாம். சிப்பிச் சுண்ணாம்புக்கு ஆள் தேடிக் கற்பிட்டிப் பக்கம் அலைகிறவர் நானாதான். நாளுக்கு எத்தனையோ மூடை சீமெந்து விற்கிற மனுசன்.