யார் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்?

இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தின பதிவு இல்ல. ஒரு விளையாட்டைப் பத்தி எழுதப் போறேன். ஆனா சுத்திச் சுத்தி கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிற்பேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

என்கூட எம்பிபிஎஸ் படிச்ச ஹாஸ்டல் ரூம்மேட் இப்போ அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் இருக்கிறான். அந்த ஊரில் பனிக்கு அடுத்தபடியாக எல்லோரும் பேசுவது பஃபலோ பில்ஸ் அணியைப் பத்தித்தான். அவன் அந்தப் பைத்தியத்தை எனக்கும் ஒட்ட வெச்சுட்டான்.

பேரு ஃபுட்பால். ஆனால் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். ஒரு பக்கம் 11 பேர். 4 வாய்ப்புக்குள் பந்தை 10 யார்டு முன்னே கொண்டு போனால் மறுபடி 4 வாய்ப்பு. இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் போனால் டச் டவுன், 6 புள்ளி.

இதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்று ரெண்டு மூணு விநாடிக்குள் முடிவெடுக்கணும். அதற்குள் 120 கிலோ, 130 கிலோ ஆட்கள் அவர் மேல் பாய வருவார்கள். கேஷுவாலிட்டி டியூட்டி பார்த்தவங்களுக்கு இந்த நிலைமை புரியும்!

ஒவ்வொரு சீசனிலும் எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார் என்று 50 பேர் ஓட்டுப் போடுவார்கள். அசோசியேட்டட் பிரஸ் நடத்தும் தேர்வு இது. 2024 சீசனில் இதற்காக நானும் நண்பனும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

அவன் கட்சி, பஃபலோவின் ஜாஷ் ஆலன். என் கட்சி, பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சன்.

என் பக்கம் எண்கள் இருந்தன. ஜாக்சன் எறிந்தது 4,172 யார்டு, 41 டச் டவுன். எதிரணி கையில் சிக்கியது 4 பந்து மட்டுமே. போதாததற்கு ஓடியே 915 யார்டு. ஆலன் எறிந்தது 3,731 யார்டு, 28 டச் டவுன். கூடவே ஓடி 12 டச் டவுன்.

"எண்ணை மட்டும் பார்க்காதடா" என்பான் நண்பன். "உன் ஆள் பக்கத்தில் டெரிக் ஹென்றி இருக்கார், ஒரே சீசனில் 1,921 யார்டு ஓடியவர். எங்க ஆளு பக்கத்தில் யாரு? ஸ்டெஃபான் டிக்ஸையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தாச்சு. 1,000 யார்டு தொட்ட ரிசீவர் ஒருத்தர் கூட கிடையாது. அப்படியும் 13 வெற்றி, 4 தோல்வி."

வெறும் எண்தான் கணக்கு என்றால் சின்சினாட்டியின் ஜோ பர்ரோவுக்குத்தான் கொடுத்திருக்கணும். 4,918 யார்டு, 43 டச் டவுன். ரெண்டிலும் லீக்கிலேயே முதலிடம். ஆனால் அவர் அணி 9 வெற்றி, 8 தோல்வியோடு பிளே-ஆஃபுக்கே போகவில்லை. அதனால் அவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அப்போ மதிப்பு என்பது என்ன? திறமையா, வெற்றியா, இல்ல அந்த ஆள் இல்லாவிட்டால் அணி எவ்வளவு கீழே போகும் என்பதா?

கடைசியில் ஆலனுக்கு 27 முதலிட ஓட்டு, ஜாக்சனுக்கு 23. மொத்தப் புள்ளி 383-க்கு 362. அதே தேர்வுக்குழுதான் சீசனின் ஆல்-ப்ரோ அணிக்கு முதல் குவார்ட்டர்பேக்காக ஜாக்சனைத் தேர்ந்தெடுத்தது. சிறந்தவர் ஒருத்தர், மதிப்புமிக்கவர் இன்னொருத்தர்!

ஓட்டுப் பதிவு பிளே-ஆஃபுக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் ரெண்டு பேரும் பிளே-ஆஃபில் நேருக்கு நேர் மோதினார்கள். நம்ம ஊர் நேரத்துக்கு 2025 ஜனவரி 20, திங்கள் காலை 5 மணி. எனக்கு நைட் டியூட்டி முடியும் நேரம். கேஸ் ஓய்ந்த இடைவெளியில் போனில் பார்த்தேன். முடியும் தறுவாயில் ரேவன்ஸ் 25, பில்ஸ் 27. சமன் செய்ய 2 புள்ளி முயற்சி. ஜாக்சன் எறிந்த பந்து நேராகத்தான் போனது. பிடிக்க வேண்டியவர் கையிலிருந்து நழுவியது. அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

அடுத்த வாரம் பில்ஸ் கான்சாஸ் சிட்டியிடம் 32-29 என்று தோற்றது. அந்த கான்சாஸ் சிட்டியை சூப்பர் பவுலில் பிலடெல்பியா 40-22 என்று சாய்த்தது. கோப்பை எம்விபி பக்கமும் போகல, என் ஆள் பக்கமும் போகல.

இன்னொரு விஷயம். 2013-லிருந்து இந்த விருது குவார்ட்டர்பேக் தவிர யாருக்கும் போனதில்லை. 1982-ல் ஒரு கிக்கருக்குக் கூட கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று அடி வாங்கும் லைன்மேன்களில் ஒருத்தருக்குக் கூட இதுவரை கிடைத்ததில்லை. அந்த சீசன் முழுக்க ஆலன் பந்தோடு கீழே சாய்க்கப்பட்டது 14 முறைதான். அந்த 5 பேரின் பெயரைக் கேட்டால் எனக்கே யோசிக்கணும்.

இப்போ ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.

2023 ஜனவரி 2. இதே பில்ஸ் அணி சின்சினாட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. டமார் ஹாம்லின் என்ற 24 வயது வீரர் எதிரணி ஆளைத் தடுத்தார். நெஞ்சில் மோதல். எழுந்து நின்றார். அடுத்த நொடி சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது.

இதற்கு கமோஷியோ கார்டிஸ் என்று பெயர். இதயத்துடிப்பின் சுழற்சியில் சில மில்லி விநாடிகள் மட்டுமே நீடிக்கும் ஒரு பலவீனமான கணம் உண்டு. சரியாக அந்தக் கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால், நல்ல ஆரோக்கியமான இதயம் கூட தாளம் தப்பித் துடிதுடிக்க ஆரம்பிக்கும். ரத்தம் வெளியே போகாது. அந்த நிலையில் சும்மா விடும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை தின்னும்.

அன்று மைதானத்தில் ஓடிவந்து அவர் நெஞ்சை அழுத்தியவர் டென்னி கெல்லிங்டன், அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர். மைதானத்திலேயே ஷாக்கும் கொடுக்கப்பட்டது. ஹாம்லின் பிழைத்தார். கண் விழித்ததும் எழுதிக் காட்டிக் கேட்ட கேள்வி, நாம ஜெயிச்சோமா என்பதுதான். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி களத்தில் இறங்கினார். 2024 சீசனில், ஆலன் எம்விபி வாங்கிய அதே அணியில், தொடக்க வரிசையில் ஆடினார்.

பில்ஸின் அந்த மருத்துவ உதவிக் குழுவை 2023 ஜூலையில் ஈஎஸ்பிஒய் விழாவில் மேடையேற்றி கௌரவித்தார்கள். விருதைக் கொடுத்தது ஹாம்லின். பேச முடியாமல் அழுதார்.

இதை நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் சும்மா விளையாட்டாகக் கேட்டான். "சரி, உன் வார்டில எம்விபி யாருடா?"

எனக்குப் பதில் தெரியும். அதனாலதான் சுருக்குன்னு இருந்துச்சு.

போன வருஷம் ஒரு நாள், ஓபி சீட்டு வரிசையில் நின்ற 40 வயசுக்காரர் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்தபடி கீழே விழுந்தார். நான் அப்போது மாடியில் வார்டு ரவுண்ட்ஸில் இருந்தேன். பக்கத்து ஊசி அறையிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் ஓடிவந்து, தரையில் மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்திருக்கிறார். நான் இறங்கி வரும்போது அவருக்கு வியர்த்து ஊற்றியது, கை நிற்கவில்லை. டிஃபிப்பைக் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். நான் செய்தது ரிதம் பார்த்து ஷாக் கொடுத்தது. ரெண்டாவது ஷாக்கில் நாடி வந்தது. மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம், நடந்தே வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி வந்து கும்பிட்டது என்னை. தம்பி பழக்கூடை கொடுத்தது என்னிடம். சுதந்திர தினத்தில் நற்சான்றிதழ் வாங்கியதும் நான்தான். வாங்கும்போது சிஸ்டர் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. யாரும் கேட்கல, நானும் சொல்லல. உண்மை அதுதான்.

மருத்துவக் கணக்கு என்ன சொல்கிறது? நான் 3 நிமிஷம் தாமதமாக வந்திருந்தாலும் அந்த மனிதருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், சிஸ்டர் அழுத்திக்கொண்டிருந்ததால். சிஸ்டர் 3 நிமிஷம் தாமதித்திருந்தால் என் ஷாக் ஒரு பிணத்துக்குப் போயிருக்கக்கூடும்.

இந்த குடியரசு தினப் பட்டியலுக்கு சிஸ்டர் பெயரை எழுதிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். தேதி முடிஞ்சுடுச்சு சார் என்றார்கள். நேராக சிஸ்டரிடமே போய், "அன்னைக்கு உங்க பேரைச் சொல்லாதது என் தப்பு" என்றேன்.

ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார். அந்த டிஃபிப் பேட்டரி சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. நீங்க சொன்னா மாத்துவாங்க. அதைச் சொல்லுங்க."

எழுதிக் கொடுத்தேன். போன வாரம் புது பேட்டரி வந்துவிட்டது. சிஸ்டர் தினமும் காலையில் சோதித்துப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

ஆலனா ஜாக்சனா என்ற சண்டை இன்னும் முடியல. முடியவும் வேண்டாம், அது ஜாலிக்கு. ஆனால் நீங்க ஒண்ணு மட்டும் கத்துக்கோங்க.

உங்க முன்னாடி ஒருத்தர் திடீர்னு விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சும் சரியா இல்லைன்னா: உடனே 108-க்குப் போன் போடச் சொல்லுங்க. நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வையுங்க. முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசா மேலே எழும்ப விடுங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. கை ஓய்ந்தால் பக்கத்தில் இருப்பவரை மாறச் சொல்லுங்க.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் பிழைத்தால், டாக்டருக்கு நன்றி சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. அப்படியே, முதல்ல கை வெச்சது யாருன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா நாங்க சொல்லித்தானே ஆகணும்.