ஸ்பிரேயர் பம்பில் ஒரு வாட்டர் சர்வீஸ்!

செய்யாறு பக்கத்துச் சிறு விவசாயி ஒருவரின் மகன் அவர். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு, சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தார். வேலைக்குப் போய்க்கொண்டே சொந்தமாகக் கழுவும் தொழில் தொடங்கினார். ஜே.சி.பி., லாரி, பட்டறைத் தரை, கோழிப்பண்ணைக் கொட்டகை, ஊருக்குப் போனால் டிராக்டர் என எது கிடைத்தாலும் கழுவித் தருவதுதான் தொழில். கையில் இருந்த பணத்துடன், அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து வந்த தொகையையும் சேர்த்துப் போட்டார்.

முதலில் வாங்கியது கடையில் கிடைக்கும் சிறிய பிரஷர் வாஷர். அட்டைப்பெட்டியில் 120 கிலோ அழுத்தம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். நிமிடத்துக்கு 7 லிட்டர் தண்ணீர் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கார், பைக் கழுவ அது நல்ல மெஷின்தான். ஆனால், ஏரி தூர் வாரிவிட்டு வந்த ஜே.சி.பி.யின் அடியில் காய்ந்து இறுகியிருந்த களிமண்ணில் அடித்தபோது, கத்தியால் கீறியதுபோல் கோடு விழுந்ததே தவிர மண் பெயர்ந்து விழவில்லை. ஒரு வண்டியை முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பேசிய கூலி அரை நாள் சம்பளத்துக்குக்கூடக் கட்டவில்லை. நகைக்கடன் வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

'இன்னும் அழுத்தம் கூடின மெஷின் வாங்கினால் சரியாகிவிடும்' என்று நினைத்து, 200 கிலோ மெஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் இருந்த மூத்த டர்னர்தான் தடுத்தார்.

"தம்பி, 2015 வெள்ளத்தப்போ இந்தத் தெருவுல எந்த மெஷினைப் பார்த்தாலும் சேறுதான். சின்ன வாஷர் வெச்சு அடிச்சவங்க வாரக்கணக்குல அடிச்சாங்க. பெரிய பம்பும் பெரிய ஹோஸும் போட்டவங்கதான் சீக்கிரம் முடிச்சாங்க. உனக்குப் பத்தாதது அழுத்தம் இல்ல, தண்ணி."

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல், காமராஜர் முதலமைச்சராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் வந்தது. இப்போது அதன் பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. நாட்டின் முதல் சில தொழிற்பேட்டைகளில் ஒன்று. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பகுதிகளில் இருந்த சிறு தொழிற்கூடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. லேத், மில்லிங் மெஷின், மோட்டார் என எல்லாம் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு தங்கிய வண்டலை எப்படி வெளியேற்றுவது என்பதை அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் பட்டே கற்றுக்கொண்டார்கள். டர்னர் சொன்னதும் அந்த அனுபவத்தில்தான்.

அவர் சொன்னது கணக்கிலும் சரியாகவே வருகிறது. நாசிலில் இருந்து வரும் தண்ணீர் ஒரு பொருளின் மீது மோதித் தள்ளும் விசை, அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதை அழுத்தத்தின் வர்க்க மூலத்தால் பெருக்கி, அதை 0.024-ஆல் பெருக்கினால் அந்த விசை கிலோ கணக்கில் கிடைக்கும். 7 லிட்டர், 120 கிலோ அழுத்தம் என்றால் விசை 1.8 கிலோ. நம்மூரில் மருந்து அடிக்கிற மூன்று பிஸ்டன் ஹெச்.டி.பி. பம்ப் 36 லிட்டரை வெறும் 30 கிலோ அழுத்தத்தில் தந்தால், விசை 4.7 கிலோ. இரண்டரை மடங்குக்கும் மேல்! செலவாகும் சக்தியோ கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதற்கு 1.4 கிலோவாட், இரண்டாவதற்கு 1.8 கிலோவாட். பெயர்ந்த மண்ணை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போகவும் நிறையத் தண்ணீர் வேண்டும். மெல்லிய கம்பிபோல் வரும் தண்ணீர் மண்ணைக் கீறிவிட்டு அங்கேயே போட்டுவிடும்.

அதற்காக அழுத்தமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. பெயின்ட் உரிப்பது, சிமென்ட் தரையில் படிந்த கரும்பாசியை எடுப்பது போன்றவற்றுக்கு அழுத்தம்தான் வேண்டும். கிரீஸ் பிசுக்குக்குச் சூடு வேண்டும். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கார்ஷர் 1950-லேயே சுடுநீரில் இயங்கும் உயர் அழுத்த மெஷினைக் கொண்டுவந்தது அதற்காகத்தான். மண், சாணம், கோழி எரு, வண்டல் ஆகியவற்றுக்குத்தான் தண்ணீரின் அளவு முக்கியம். விவசாயிக்குக் கழுவ வேண்டியிருப்பதில் முக்கால்வாசி இவைதான்.

அவர் புது மெஷின் வாங்கவில்லை. ஹெச்.டி.பி. பம்ப் ஒன்றைப் புதிதாக வாங்கி, மற்றதைப் பட்டறையிலேயே செய்துகொண்டார். இந்த வகை பம்புகள் வழக்கமாக நிமிடத்துக்கு 800 முதல் 1,000 சுற்று வரை ஓட வேண்டியவை. மோட்டாரோ 1,440 சுற்று. நேராக இணைத்தால் பம்ப் சீக்கிரமே உட்கார்ந்துவிடும். மோட்டாரில் 4 இன்ச் புல்லி, பம்பில் 6 இன்ச் புல்லி போட்டு 960 சுற்றுக்குக் கொண்டுவந்தார். கணக்குப்படி மூன்றேகால் ஹெச்.பி. போதும் என்று வந்தது. மோட்டார் முக்கக் கூடாது என்று 5 ஹெச்.பி.யாகவே போட்டார். பெல்ட்டுக்கு இரும்பு வலையில் மூடி வைத்தார். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். லுங்கி நுனியோ துண்டோ பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்பது களத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீர் வரத்து. அரை இன்ச் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால் அதிகம். பம்ப் கேட்பது 36. நேராகக் குழாயில் மாட்டினால் பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். வால்வும் வாஷரும் அரித்துப் போகும். அதனால் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை பம்பைவிடச் சற்று உயரத்தில் வைத்து, ஒரு இன்ச் குழாயில், இடையில் வலை ஃபில்டர் போட்டு பம்புக்குக் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். 20 லிட்டர் வந்து 36 லிட்டர் போனால், தொட்டி ஒரு மணி நேரம் தாங்கும். கன்னை அந்த நேரம் முழுக்கவா பிடித்திருப்பார்கள்? இடையில் தேய்க்க, வண்டியைத் திருப்ப, டீ குடிக்க என்று நேரம் போகும். அதற்குள் தொட்டி மறுபடி நிறைந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தவர் ஹோஸில்தான் சறுக்கினார். வீட்டில் மருந்து அடிக்க வைத்திருந்த 8.5 மில்லி ஹோஸ், 50 மீட்டர் சுருள், சும்மா கிடந்தது. அதையே மாட்டினார். பம்பில் இருந்த கேஜ் 40 கிலோ காட்டியது. கன்னிலோ தண்ணீர் சோம்பலாக வந்தது. பாதித் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பம்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். குற்றம் பம்பில் இல்லை. நிமிடத்துக்கு 36 லிட்டரை அந்தக் குறுகிய ஹோஸில் 50 மீட்டர் தள்ள, உராய்வுக்கு மட்டும் 60 கிலோ அழுத்தம் வேண்டும். அரை இன்ச் ஹோஸ் என்றால் 10 கிலோ போதும். 25 மீட்டராகக் குறைத்தால் 5 கிலோதான். அரை இன்ச் ஹோஸ் 25 மீட்டர் வாங்கி மாட்டி, பம்பில் 35 கிலோ வைத்தார். கன்னில் 30 கிலோ வந்தது.

மருந்து அடிக்கும்போதும் இதே கதைதான் நடக்கிறது. 100 மீட்டர் ஹோஸ் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் மருந்து பனியாக விழாமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்று பம்பைக் குறை சொல்வார்கள். முதலில் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

நாசில் ஓட்டையிலும் விளையாடக் கூடாது. 36 லிட்டரை 30 கிலோவில் விட ஏறத்தாழ 3.2 மில்லி ஓட்டை போதும். 'இன்னும் கொஞ்சம் தண்ணி வரட்டுமே' என்று அதை 4 மில்லியாகத் துளைத்தால் தண்ணீர் கூடாது. பம்ப் தருவது அதே 36 லிட்டர்தான். அழுத்தம் மட்டும் 12 கிலோவுக்கு விழுந்துவிடும். பழைய நாசில் தேய்ந்து ஓட்டை பெரிதானாலும் இதுவே நடக்கும்.

புது மெஷினில் அதே மாதிரி ஜே.சி.பி.யை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தார். ஒரு நாளில் மூன்று வண்டி பார்க்க முடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை தரை கழுவும் வேலை வந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் கூப்பிட்டார்கள். பண்ணையில் கிருமிநாசினி அடிப்பதற்கு முன் எருவையும் இறகையும் ஒட்டக் கழுவியாக வேண்டும். அழுக்கின் மேல் மருந்து அடித்தால், மருந்தின் வேகம் அழுக்கிலேயே அடங்கிவிடும். அதனால் அந்த வேலை தொகுதிக்குத் தொகுதி வந்துகொண்டே இருக்கிறது.

இடையில் வந்த ஒரு வேலையை அவர் மறுத்துவிட்டார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செப்டிக் டேங்க் அடியில் இறுகிய கசடை, "உங்ககிட்டதான் பெரிய மெஷின் இருக்கே, ஆள் உள்ளே இறங்கி அடிச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார்கள். அவருடைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கூலி பேசினார்கள். அந்த மாதம்தான் நகைக்கடன் கெடு. ஆனாலும் போகவில்லை. செப்டிக் டேங்க்கிலும் பாதாளச் சாக்கடையிலும் உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை விடுங்கள். கசடைக் கலக்கியதும் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்தே போவார். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். கலக்குவதையும் உறிஞ்சுவதையும் வெளியில் நின்றே, அதற்கான வண்டியை வைத்துத்தான் செய்ய வேண்டும். கெடுவுக்கு வட்டியை மட்டும் கட்டி, நகையை மறு அடகு வைத்தார். மீட்க மேலும் ஏழு மாதம் ஆனது.

கன்னை யார் மீதும், விளையாட்டுக்குக்கூட, திருப்பக் கூடாது. இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல், அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மோட்டாரும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகிற இ.எல்.சி.பி.யும் கட்டாயம். டிராக்டர் கழுவும்போது ரேடியேட்டர் தகடு, டைனமோ, பேரிங் சீல் பக்கம் கன்னை நெருக்கிப் பிடிக்க வேண்டாம். மாட்டைக் குளிப்பாட்ட இந்த மெஷின் ஆகவே ஆகாது.

ஊரில் இதைப் படித்துவிட்டு, 'நம்மிடம்தான் ஹெச்.டி.பி. பம்ப் இருக்கிறதே' என்று உடனே கழுவத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து அடித்த பம்பை கொட்டகை கழுவவோ பால் கேன் கழுவவோ பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை அலசினாலும் ஹோஸின் உள்சுவரிலும் வாஷரிலும் மருந்து தங்கியிருக்கும். 2,4-டி களைக்கொல்லி அடித்த பம்பின் மிச்சம் பருத்தியிலும் தக்காளியிலும் இலையைச் சுருட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கழுவுவதற்கென்று தனி பம்ப், தனி ஹோஸ் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள், மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவிகிதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவிகிதமும் மானியம் உண்டு. ஏற்கெனவே தொடங்கி நடக்கும் தொழிலுக்கு இது கிடைக்காது. பம்ப் வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செய்யாறுக்காரர் இதை விசாரித்தது மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் இடம் பார்க்கும்போதே முடிவு செய்ய வேண்டும். டீசலும் ஆயிலும் கலந்த தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றுப் பக்கமோ விடக் கூடாது. இரண்டு மூன்று அறைகளாகத் தடுத்த சிறு தொட்டி கட்டினால் மண் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் இருந்து தெளிந்த தண்ணீரை எடுத்து, முதல் சுற்று மண் கழுவ மறுபடி பயன்படுத்தலாம். ஆனால், அது பம்புக்குள் போகும் முன் ஃபில்டர் வலையைத் தினமும் கழட்டிப் பார்க்க வேண்டும். மணல் ஒரு நாள் போனாலும் பிஸ்டன் வாஷர் காலி. பம்ப் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்கு மெஷினை ஓட்டாமல், சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த வண்டி.