கூறு ஆப்பிள் மசியல்

புரட்டாசியில் சிம்லா, காஷ்மீர் ஆப்பிள் வரத்து கூடி விலை இறங்கும். லேசாக அடிபட்டதைத் தள்ளுவண்டிக்கார அக்கா கூறு கட்டி இன்னும் மலிவாகத் தருவார்.

"ஜூஸுக்காம்மா?"
"இல்லக்கா, மசிச்சு வைக்க."

இறக்குமதி ஆப்பிள் மசியல் பாட்டிலின் விலையைப் பார்த்தபின் நான் பிடித்துக்கொண்ட வழி இது.

கன்றிய இடத்தை வெட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த பழம் வேண்டவே வேண்டாம். விதை நீக்கி, தோலோடு நறுக்கி, கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு பட்டையும் போட்டு, மூடிச் சிறு தீயில் குழைய விடுங்கள். பட்டையை எடுத்துவிட்டு, பருப்பு மத்தால் கடைந்து வடிகட்டினால் முடிந்தது. தோலிலுள்ள பெக்டின் நன்றாகக் கெட்டிப்படுத்தும். பழத்தின் இனிப்பே போதும், சர்க்கரை வேண்டாம்.

சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் சேர்க்கலாம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதுவரை மிஞ்சியதில்லை.