எவ்வளவு இறுக்கினால் போதும்?



ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் நம் காதில் விழும் முதல் வார்த்தை, "நல்லா டைட் பண்ணுப்பா" என்பதுதான். நல்லா என்றால் எவ்வளவு? இதற்குத் துப்பாக்கி மாதிரி கறாராகப் பதில் சொல்லும் சாமான் வேறில்லை.

தஞ்சாவூருக்கு அடுத்த திருச்சியில் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராவது போன்ற ரைபிள்களின் மேல், தூரத்துக் குறியைப் பார்க்கத் தொலைநோக்கி பொருத்துவது உண்டு. அதைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு வளையங்களும் சில குட்டித் திருகுகளும்தான்.

திருகு தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் உதைக்க, தொலைநோக்கி மயிரிழை நகரும். வளையங்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைப்போம். ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 100 மீட்டர் தூரத்தில் குறி 10 சென்டிமீட்டர் தப்பும். 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணக் கணக்குதான் இது!

சரி, பலம் கொண்ட மட்டும் முறுக்கினால்? குழாய் மெல்லிய அலுமினியம், நசுங்கும். உள்ளே நகர வேண்டிய பாகங்கள் இறுகிப்போகும். மரையும் பிய்ந்துவிடும். ஆகவே வளையத் திருகுகளுக்குச் சாதாரணமாக 2 நியூட்டன் மீட்டர் அளவே சொல்கிறார்கள். நாம் தினம் முறுக்கும் எம்6 போல்ட்டுக்கே சுமார் 10 வரும். தயாரித்தவர் தாளில் போட்டிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை.

இன்னொரு சங்கதி. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. மீதி ஒரு பங்குதான் திருகை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே எண்ணுக்குத் திருகு அதிகமாக இறுகிவிடும்.

தொலைநோக்கியும் திருகும் நம்ம ஊருக்குப் புதிதல்ல. 1808-இல் நில அளவை செய்த லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றினார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. அளவு வட்டம் கோணிப்போனது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. ஆப்பு, திருகு, கப்பி வைத்து, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வட்டத்துக்கே கொண்டுவந்தார். அவசர முறுக்குக்கு அங்கே வேலையே இல்லை.

எங்கள் அப்பாவும் இப்படித்தான். மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் வருஷங்களில் எங்கள் நாற்றங்காலைக் காப்பாற்றுவது ஆயில் இன்ஜின். அதன் ஹெட்டை மாட்டும்போது, "ஒரே பக்கமா முறுக்காதடா, குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா வா" என்பார். ரைபிள் வளையத்துக்கும் இதே முறைதான் என்று பின்னால் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். டார்க் ரெஞ்சைத் தொட்டதில்லை. ஆனால் அவர் மணிக்கட்டுக்கு அளவு தெரியும்.

ஒரு குறைதான். அவர் இல்லாத நாளில் அந்த அளவு யாருக்கும் கிடைக்காது. அம்மா கூப்பிட்டுக் கேட்டால் என்னாலும் போனில் சொல்ல முடியாது. எண்ணாக எழுதிச் சுவரில் ஒட்டினால் பக்கத்து வயல்காரரும் மாட்டலாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அடுத்த லீவில் ஒரு டார்க் ரெஞ்சை இரவல் வாங்கிப் போய், அப்பா இறுக்குவதை அளந்து எழுதப்போகிறேன். அது கம்பெனி தாளில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.