வரவிருக்கும் பிள்ளை

காத்திருத்தல் மாந்தர் யாவர்க்கும் பொதுவாயினும், எல்லை தெரிந்து காத்திருப்பது ஒன்று. எல்லை தெரியாது காத்திருப்பது மற்றொன்று. கருவுற்ற தாய்க்குப் பத்து மாதம் என்னும் கணக்குண்டு. விதைத்த உழவனுக்கு அறுவடைக் காலம் உண்டு. தேர்வெழுதிய மாணவனுக்கும் முடிவு வெளியாகும் நாள் ஒன்று உண்டு. கடல் கடந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்த குடும்பத்திற்கோ இத்தகைய கணக்கு யாதுமில்லை. அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாகாணத்தில் வாழும் எங்கள் சிறு குடும்பம் அத்தகையது. நானும் என் மனைவியும் ஒன்பது வயது மகளும், இந்தியாவிலிருந்து வரவேண்டிய பிள்ளையொன்றை எதிர்நோக்கத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. அவ்வாழ்க்கை எத்தகையதென நண்பர் பலர் வினவியதால் ஈண்டுச் சிறிது கூறத் துணிந்தேன்.

முதற்கண் வருவன தாள்கள். சமூக ஊழியர் ஒருவர் எங்கள் இல்லத்திற்குப் பன்முறை வந்தார். படுக்கையறையின் சன்னலைப் பார்த்தார்; மருந்துகள் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா என்று நோக்கினார்; புகையறிவிக்கும் கருவியை ஒலிக்கச் செய்து கேட்டார். எங்களை எங்கள் பெற்றோர் எவ்வாறு வளர்த்தனர், அடித்ததுண்டா என்றெல்லாம் வினவி எழுதிக்கொண்டார். இந்நாட்டு விதிப்படி வளர்ப்புப் பெற்றோர் ஆவோர் 10 மணி நேரமேனும் பயிற்சி பெறல் வேண்டும், அதனையும் முடித்தோம். அரசாங்கம் அளிக்கும் அனுமதி 15 மாதமே செல்லும். அது முடியுமுன் நீட்டிப்புக்கு எழுதி, மீண்டும் விரல்ரேகை பதித்து வருகிறோம். எங்கள் திருமணத்திற்குக்கூட இத்துணைச் சான்றுகள் வேண்டப்படவில்லையென்று என் மனைவி நகைப்பதுண்டு.

நிற்க. எங்கள் வீட்டில் தொட்டில் இல்லை. அதற்குக் காரணமுண்டு. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, தத்துக்குரியதென அறிவிக்கப்பெற்ற குழந்தைக்கு முதல் 60 நாள் இந்தியப் பெற்றோரையே தேடவேண்டும். அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிகளும் இவருள் அடங்குவர். அவ்வாறு எவரும் அமையாவிடின் மட்டுமே, அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற எங்களைப் போன்றோர்க்கு முறை வரும். ஆதலின் எங்களை வந்தடைவது பெரும்பாலும் சற்று வளர்ந்த பிள்ளையாகவோ, மருத்துவ உதவி வேண்டும் பிள்ளையாகவோ இருக்கும். அதன் வயது தெரியாமையால் உடை எதுவும் வாங்கவில்லை. ஆயினும் என் மகள், தனக்குச் சிறியவாய்விட்ட காலணிகளை அளவுவாரியாக அடுக்கி வைத்திருக்கின்றாள்; ஏதேனும் ஒரு சோடி பொருந்துமென்பது அவள் துணிபு.

பிள்ளையின் மொழியும் அறியோம். மராட்டியமோ, ஒடியாவோ, இந்தியோ, நம் தமிழோ யார் சொல்ல வல்லார்? என் மனைவி சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, தண்ணீர், பசி, வலி, வா, அஞ்சாதே என்னும் ஐந்து சொற்களையும் பல மொழிகளில் தமிழெழுத்தால் எழுதி வைத்திருக்கின்றாள். இந்தியில் 'பானி', மராட்டியத்திலும் ஒடியாவிலும் ஏறக்குறைய அதுவே, தெலுங்கிலும் கன்னடத்திலும் நம் 'நீர்' சிறிது மாறி நிற்கின்றது. இரவுணவின்போது மகள் நாளொரு மொழியில் தண்ணீர் கேட்பது வழக்கமாகிவிட்டது.

தில்லியில் அலுவலகம் திறக்கும் காலை பத்து மணி, கோடையில் எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஆதலால் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்தே துயில்வோம். பாளையங்கோட்டையிலிருக்கும் என் தாயாரோ ஞாயிறுதோறும், "ராசா, பிள்ளை எப்போது வரும்?" என்று கேட்பார். "ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும், அம்மா" என்பேன்.

ஒருநாள் என் மகள் காலணிகளைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, அந்தப் பிள்ளையுடைய அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டால்?" என்றாள். "வந்துவிட்டால் பிள்ளை அவர்களோடு போகவேண்டியதுதானே, அம்மா" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, "அதுதான் சரி, ஆனால் எனக்கு அழுகை வரும்" என்றாள்.

அவ்வினா இத்தாமதத்தின் பொருளை எனக்கு விளக்கிற்று. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்குச் சட்டம் 60 நாள் அளிக்கின்றது. கைவிடப்பட்ட குழந்தையெனின், பெற்றோரைத் தேடியறிந்த பின்னரே தத்துக்குரியதென அறிவிக்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதன் எல்லை 2 மாதம், மேற்பட்டதற்கு 4 மாதம். இவ்விதிகள் வீணே பிறந்தவையல்ல. லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் விடுத்த கடிதத்தையே மனுவாக ஏற்று, இந்திய உச்சநீதிமன்றம் 1984-இல் அயல்நாட்டுத் தத்துக்கு நெறிகள் வகுத்தது. 1993-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. நெறி தளர்ந்தவிடத்து நேர்வதென்ன என்பதற்குத் தென்கொரியாவே சான்று. பெற்றோருள்ள பிள்ளைகளையும் அநாதைகளெனப் பொய்யாகப் பதிந்து அயல்நாடுகளுக்கு அனுப்பினரென, அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2025 மார்ச்சில் வெளிப்படுத்தியது. அப்பிள்ளைகள் இன்று நரைத்த தலையினராய்த் தம் தாயைத் தேடி அலைகின்றனர்.

எங்கள் தொலைபேசி ஒலித்தல் வேண்டுமெனின், எங்கோ ஒரு தாய் திரும்பி வாராதிருத்தல் வேண்டும். இதனை உணர்ந்தபின், 'விரைவில் தருக' என்று வேண்ட என் நா எழுவதில்லை. என் தாயாரிடம் இதனைச் சொன்னேன். நெடுநேரம் சிந்தித்த அவர், அன்றுமுதல் தம் மாலை வேண்டுதலை மாற்றிக்கொண்டார்: "அவளைப் பெற்றவள் வந்தால் நல்லது, வாராவிட்டால் எங்கள் வாசல் திறந்திருக்கிறது." பிள்ளை பெண்ணென்று அவர் எவ்வாறு முடிவு செய்தாரோ அறியேன். அடுத்த மாதம் மறுபடியும் விரல்ரேகை பதிக்கச் செல்கின்றோம்.