கொடி இருந்த இடம்

போன மாதம் ஒரு சாயங்காலம் தங்கை மகள் போன் செய்தாள். ஐந்தாம் மாத ஸ்கேன் முடித்துவிட்டு, ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றபடியே பேசினாள். பின்னால் பஸ் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "பெரியம்மா, நச்சு இறங்கியிருக்காம்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "போன வாரம் மாடிக்குத் தண்ணிக் குடம் தூக்கிட்டுப் போனேன். அதனால இருக்குமோ?"

இருபது வருடத்துக்கு முன்னால் நான் கேட்டதும் இதே கேள்விதான். அவளுக்குக் குடம், எனக்கு ஸ்கூட்டி. பள்ளிக்கூட வேலைக்கு ஆறு கிலோமீட்டர் மேடு பள்ளத்தில் ஓட்டிப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த பிறகும் அந்த ஸ்கூட்டியைப் பார்த்தால் வயிற்றில் என்னமோ செய்யும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவளைப் பற்றிய கவலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த 'இறங்கியிருக்கு'. மேலே இருந்த ஒன்று கீழே வந்துவிட்டது என்றல்லவா அந்தச் சொல் சொல்கிறது? அப்படியானால் அதை இறக்கியது யார்? கேள்வி நேராகக் கர்ப்பிணியிடம்தான் வந்து நிற்கும். படி ஏறினாயா, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாயா, குனிந்து கோலம் போட்டாயா. என்னை இதையெல்லாம் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். அன்பாகக் கேட்டதால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

எதுவும் இறங்குவதில்லை. கருத்தரித்து ஆறேழு நாளில் கரு கர்ப்பப்பையின் சுவரில் வந்து ஒட்டத் தொடங்குகிறது. ஒட்டிய இடத்தில்தான் கொடி, அதாவது நச்சு, வேர்விடுகிறது. நாள் தள்ளிப்போயிருப்பதுகூடத் தெரியாத வாரம் அது. சிலருக்கு அந்த இடம் கர்ப்பப்பையின் வாய்க்குப் பக்கத்தில், அல்லது வாயின் மேலேயே அமைந்துவிடுகிறது. முன்பு சிசேரியன் ஆகியிருந்தால், கருக்கலைந்து சுரண்டி எடுத்திருந்தால், இரட்டைப் பிள்ளையாக இருந்தால், வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். என்னைப் போல இவை எதுவும் இல்லாமலும் அமையும். குடத்துக்கும் ஸ்கூட்டிக்கும் இதில் பங்கே இல்லை.

இந்த 'இறங்கியிருக்கு' நம் ஊர் நர்ஸம்மாக்களின் சொல் மட்டும் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் பிரசவம் பார்ப்பதில் பேர்போன மொரிசோவும் அப்படித்தான் நினைத்தார். மேலே இருந்த கொடி அறுந்து வாயில் வந்து விழுந்துவிட்டது, அதனால் இரத்தம் போகிறது என்பது அவர்கள் கணக்கு. அதே ஊரில் பால் போர்த்தால் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இரத்தப்போக்கோடு வந்த பெண்களைத் தொட்டுப் பார்த்தபோது, கொடி விழுந்து கிடக்கவில்லை, வாயைச் சுற்றி நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது. பார்த்த பிரசவங்களை ஒவ்வொன்றாக எழுதி 1685-இல் புத்தகமாகப் போட்டார். விழுந்த கொடிக்கும் ஒட்டிய கொடிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விரலின் உணர்ச்சியில் பிடிபட்டது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதற்குத் தொண்ணூறு வருடம் கழித்து, 1775-இல், இங்கிலாந்தில் நாரிச் நகரத்து எட்வர்ட் ரிக்பி பிரசவத்துக்கு முன் வரும் இரத்தப்போக்கை இரண்டாகப் பிரித்தார். சரியான இடத்தில் இருக்கும் கொடி ஏதோ காரணத்தால் பிரிந்து வருவது தற்செயலானது. வாயருகே இருக்கும் கொடியால் வருவது தவிர்க்க முடியாதது. வாய் திறக்கத் தொடங்கினால் அந்தக் கொடி பிரிந்துதான் ஆகவேண்டும். 'தவிர்க்க முடியாதது' என்ற அந்த வார்த்தையை முதல்முறை படித்தபோது அழுதுவிட்டேன். என் பக்கம் நின்று ஒருவர் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

தங்கை மகளிடம் டாக்டர் "பெரும்பாலும் ஏறிடும்மா" என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல வார்த்தைதான். ஆனால் கொடி ஏறுவதும் இல்லை. சின்ன வயதில் பூசணிப் பிஞ்சில் நகத்தால் பேர் எழுதி வைப்போம். காய் பெருக்கப் பெருக்க எழுத்து காம்பை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். எழுத்து நடந்தா போகிறது? கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி அப்படித்தான் நீண்டு விரிகிறது. கொடியின் விளிம்பு வாயை விட்டு விலகிவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் கீழே தெரிகிற கொடிகளில் பத்துக்கு ஒன்பது இப்படி விலகிவிடும். முப்பத்திரண்டாம் வாரம் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். கடைசிவரை வாயருகிலேயே நிற்பது இருநூறு பிரசவத்தில் ஒன்று. நான் அந்த ஒன்றில் இருந்தேன்.

நச்சு, நஞ்சு என்கிறோம். ஒன்பது மாதம் பிள்ளைக்குச் சோறும் தண்ணீரும் மூச்சும் கொடுக்கிற உறுப்புக்கு விஷத்தின் பெயர். எங்கள் அப்பத்தா வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மாட்டுக்கானாலும் மனுஷிக்கானாலும் அவருக்கு அது எளங்கொடிதான்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது செவலை கன்று போட்ட ராத்திரி. எனக்கு ஒன்பது வயது இருக்கும். சிவகங்கைப் பக்கம், கார்த்திகை மாதம், மழை விட்டு ஈரம் காயாத தொழுவம். கன்று விழுந்து, நக்கிக் கொடுத்து, தட்டுத்தடுமாறி எழுந்து மடியில் முட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் படுக்கப் போனால், அப்பாவைப் பெற்ற ஐயா அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டுத் தொழுவத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். "எளங்கொடி விழல தாயி, இனிமேதான் வேலையே" என்றார். செவலையின் பின்னால் செம்பழுப்பாக ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மினுங்கியது. பொத்தான் பொத்தானாகத் தடித்த கொடி. எனக்குக் கை பரபரத்தது. பிடித்து இழுத்தால் வந்துவிடும் போலத்தானே இருக்கிறது? எழுந்து ஒரு அடி வைத்தேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். அவர் என்னை அப்படிப் பிடித்தது அந்த ஒரு முறைதான். "கை வைக்கக் கூடாது. அதுக்கு நேரம் வந்தா அதுவா விடும். இழுத்தா பாதி உள்ள நின்னு மாடு செத்துப்போகும்."

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ராத்திரியில் என் நினைவில் நிற்பது அந்த ஒன்றும் நடக்காமைதான். நாய் வந்துவிடக் கூடாது, மாடே திரும்பி அதைத் தின்றுவிடக் கூடாது. அதற்காக ஒரு மனிதர் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா நடுவில் சுக்குத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். செவலை படுக்கும், எழும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஐயா விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தணிப்பார். விடிவெள்ளி முளைக்கிற நேரத்துக்குத் தொப்பென்று ஒரு சத்தம். ஐயா எழுந்து போய், முழுசாக விழுந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். வைக்கோலில் சுருட்டி, கிழிந்த சாக்கில் பொதிந்து, வைக்கோல் பிரியால் கட்டினார். காலையில் கண்மாய்க்கரை ஆலமரத்துக்கு அவர் பின்னாலேயே போனேன். அந்த மரத்தில் ஏற்கனவே இருபது முப்பது மூட்டைகள் தொங்கின. சில காய்ந்து கருவாடு போல ஆகியிருந்தன. பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. எந்த மூட்டை எந்த வீட்டு மாட்டுடையது என்று ஐயா சொல்லிக்கொண்டே வந்தார்.

2003 ஆவணியில், முப்பத்தொன்றாம் வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தேன். வலி இல்லை. துளிகூட இல்லை. சேலை நனைந்திருந்தது. விளக்கைப் போட்டால் செக்கச்செவேல் என்று இரத்தம். வலியில்லாமல் இவ்வளவு இரத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் தங்கை மகளிடம் நான் முதலில் சொன்னதே அதைத்தான்: வலிக்கட்டும் என்று காத்திருக்காதே, ஒரு சொட்டு பட்டாலும் கிளம்பு.

ஆஸ்பத்திரியில் என் கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் 'உள் பரிசோதனை கூடாது' என்று எழுதினார்கள். எனக்குச் சட்டென்று ஐயாவின் பிடி மணிக்கட்டில் தெரிந்தது. ஒரு காலத்தில் இப்படி வருகிறவளை உடனே உள்ளே விரல் விட்டுப் பார்ப்பார்கள். அந்த விரலே கொடியைப் பிரித்துவிடும். பிறகு எந்த மாதமானாலும் பிள்ளையை எடுத்தாக வேண்டும். குறைமாதப் பிள்ளைகள் பாதிக்கு மேல் பிழைக்காது. பெல்ஃபாஸ்ட் நகரத்து மக்காஃபி என்ற மருத்துவர்தான் 1945-இல், தான் பார்த்த 174 பெண்களின் கணக்கை வைத்து, வேறு வழி சொன்னார். முதல் இரத்தப்போக்கு பெரும்பாலும் தானே நின்றுவிடும். கை வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே படுக்க வையுங்கள். இரத்தம் தயாராக இருக்கட்டும். பிள்ளை தேறும்வரை பொறுத்திருங்கள். தாய்மார் சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. பிள்ளைகளும் ஏராளமாகப் பிழைத்தன. பெரிய கருவியோ புது மருந்தோ அவர் கண்டுபிடிக்கவில்லை. காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஐயாவை நான் அவரோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

காத்திருப்பது மருத்துவருக்கு ஒரு வார்த்தை. கட்டிலில் கிடக்கிறவளுக்கு அது முழுநேர வேலை. பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு இரண்டு ஊசி போட்டார்கள். மீதி நான்கு வாரமும் நான் செய்தது, துணியைப் பார்ப்பது. பாத்ரூம் போய்விட்டு வந்தால் பார்ப்பது, தும்மினால் பார்ப்பது, பிள்ளை பலமாக உதைத்தால் பார்ப்பது. வெள்ளைத் துணிதான் கட்டச் சொல்வார்கள், நிறம் தெரிவதற்காக. பழுப்பென்றால் பழைய இரத்தம், பயமில்லை. சிவப்பென்றால் மணியை அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ் ஆட்கள் எட்டுப் பேரின் பெயரும் போன் நம்பரும் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ராத்திரி அதில் இரண்டு பேர் எதிர்த்த டீக்கடையிலேயே இருப்பார்கள். முறை வைத்து வந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் என்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா ஒருவர். முதல் பிள்ளை சிசேரியன். இந்த முறை கொடி வாயை மூடியதோடு, அந்தப் பழைய தழும்புக்குள்ளேயே வேரை இறக்கியிருந்தது. அவருக்கு வளைகாப்பு நடக்கவில்லை. எனக்கும்தான். அவருடைய அம்மா ஒரு நாள் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, படுத்தபடியே இருவர் கையிலும் போட்டுவிட்டார். ராத்திரியில் அவர் புரண்டால் வளையல் சத்தம் கேட்கும். கேட்டால் எனக்கு நிம்மதி. மூன்றாம் நாள் நள்ளிரவு சத்தம் வேறு மாதிரி கேட்டது. எழுந்து பார்த்தேன், நர்ஸ் அவர் வளையல்களை உடைத்து உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஆண் பிள்ளை, நன்றாக இருந்தது. கொடி பிரியவில்லை. இரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆயிற்று. ஐந்து நாள் கழித்துப் பேச்சு வந்தபோது அந்த அக்கா என்னிடம் கேட்டது, தனக்கு எத்தனை பேர் இரத்தம் ஏறியிருக்கிறது என்றுதான். பதினொன்று. "அம்புட்டுப் பேரு பேரும் வேணும் தங்கச்சி. இவன் காதுகுத்துக்கு ஒருத்தர் விடாமப் பத்திரிகை வைக்கணும்" என்றார். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து இரண்டு நாள் அலைந்து ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார்கள்.

முப்பத்தைந்தாம் வாரம் எனக்கு மறுபடி போக ஆரம்பித்தது. இந்த முறை நிற்கவில்லை. முதுகில் ஊசி போட்டு மகளை எடுத்தார்கள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெகு நேரம் யாரும் என்னிடம் பேசவில்லை. கர்ப்பப்பையின் மேல்பக்கத்துச் சதை சுருங்கி இரத்தக் குழாய்களை முடிச்சுப் போட்ட மாதிரி இறுக்கும். கீழ்ப்பக்கம் சதை குறைவு, அவ்வளவாக இறுகாது. அதனால் கொடி வந்த பிறகும் பயம் தீராது. கடைசியில் டாக்டர் "நின்னுருச்சும்மா" என்றார். நான் கொடியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஒரு நர்ஸ் தயங்கிவிட்டு ஸ்டீல் தட்டைத் தூக்கிக் காட்டினார். அரைக் கிலோ இருக்கும். பிள்ளைப் பக்கம் வழவழவென்று நீலம் கலந்த சாம்பல் நிறம். நடுவிலிருந்து இரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து ஓரம்வரை ஓடின. ஒரு விளிம்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கட்டி உறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்த பகுதி அது. பிரிந்து பிரிந்து, மீதியை வைத்துக்கொண்டு நான்கு வாரம் என் மகளுக்குச் சோறு போட்டிருக்கிறது.

அப்பத்தாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மறுநாள் கூடையில் வைக்கோலும் பழைய வேட்டித்துணியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். என் அப்பாவுடையதையும் அத்தைகளுடையதையும் கொல்லையில் புதைத்தவர் அவர். ஆஸ்பத்திரியில் தர மறுத்துவிட்டார்கள். 1998-இலேயே மருத்துவக் கழிவுக்குச் சட்டம் வந்துவிட்டது, இதெல்லாம் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும். ஆயாம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் போனபோது, அந்த மஞ்சள் பைகளில் எது நம்முடையது என்று அப்பத்தா கேட்டிருக்கிறார். ஆயாம்மாவும் வண்டியை நிறுத்தி, ஒரு பையின் மேல் கையை வைத்துக் காட்டியிருக்கிறார். உண்மையில் அது என்னுடையதாக இருக்க முடியாது. நேற்றையது நேற்றே போயிருக்கும்.

கூடை காலியாக இருப்பதைப் பார்த்து, வைக்கோல் எங்கே என்று கேட்டேன். "அந்தப் பைக்குள்ள கொஞ்சம் வச்சு விட்டேன் தாயி, வெறுமனே போக வேணாம்னு" என்றார் அப்பத்தா.