கம்பங்களுக்கு நடுவில்

பள்ளி நாள்களில் நான் கால்பந்து ஆடியவன் என்று சொல்லிக்கொள்வதில் பாதி உண்மைதான் உண்டு. வேகமாக ஓடத் தெரியாத காரணத்தால் என்னை இலக்கில் நிறுத்தினார்கள். இரண்டு செங்கற்களே எங்கள் கம்பங்கள். அவற்றின் நடுவில் நிற்பவனுக்குக் 'கோலி' என்று பெயர். முன்னே ஆடுபவன் பத்து முறை பந்தைத் தவறவிட்டாலும் எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கோலி ஒருமுறை தவறவிட்டால் வீடு வந்து சேரும்வரை அதே பேச்சுதான். இந்தச் சிறு அனுபவம் இருந்ததனாலோ என்னவோ, பிரேசில் நாட்டின் இலக்குக் காவலர் மொவாசிர் பார்போசாவின் வாழ்க்கையைப் படித்தபோது என்னால் அதை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

பார்போசா 1921ஆம் ஆண்டு காம்பினாஸ் நகரில் பிறந்தவர். ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கழகத்தின் காவலராகப் பெயர் பெற்றார். 1949இல் தென் அமெரிக்க வாகையர் பட்டத்தை வென்ற பிரேசில் அணியிலும் அவர் இருந்தார். பந்தின் தொடுகையை உணர வேண்டும் என்பதற்காகக் கையுறை அணியாமல் வெறுங்கையாலேயே பிடிப்பார். அதனால் விரல்கள் பலமுறை முறிந்து கோணிப்போயின.

1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி பிரேசிலில் நடைபெற்றது. அதற்கெனவே ரியோவில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கம் எழுப்பப்பட்டது. இறுதிச் சுற்றில் பிரேசில், சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றது. ஜூலை 16 அன்று உருகுவேயுடன் எஞ்சியிருந்த கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே கோப்பை கைக்கு வந்துவிடும். பணம் கொடுத்து நுழைந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். விளையாட்டு தொடங்கும் முன்பே நாடு வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஃபிரியாசா அடித்த கோலால் பிரேசில் முந்தியது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்புறமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் அதே கிஜ்ஜியா அதே வழியில் மீண்டும் வந்தார். முன்னர் செய்ததையே செய்வார் என்று கணித்த பார்போசா, கம்பத்தை விட்டுச் சற்றே விலகி நின்றார். கிஜ்ஜியா பந்தை, அவருக்கும் கம்பத்துக்கும் இடையே தெரிந்த சிறு வெளியில் செலுத்தினார். பார்போசா பாய்ந்தார். தம் விரல் பட்டதாகவும், பந்தை வெளியே தள்ளிவிட்டதாகவே எண்ணியதாகவும் அவர் பின்னர் கூறினார். அரங்கம் ஓசையற்றுப் போனதைக் கண்டபின்னரே திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அவர் செய்தது பிழையா? என் கணிப்பில் இல்லை. பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் கண்ணால் கண்டதை வைத்து முடிவெடுத்தார். அறிவுள்ள எந்தக் காவலரும் அதையே செய்திருப்பார். அன்று களத்தில் பதினொருவர் ஆடினர். பழியோ, பார்போசா, பிகோட், ஜுவெனல் என்னும் மூவர் மீதே பெரிதும் விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர். தோல்விக்குக் காரணம் தேடியவர்களின் கண் எங்கே போய் நின்றது என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அன்று அணிந்த வெள்ளைச் சீருடையைக்கூட நாடு கைவிட்டது. இன்று உலகம் அறிந்த மஞ்சள் சட்டை அதன்பின் வந்ததுதான்.

பார்போசா அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆடினார். வாஸ்கோவுக்காகப் பட்டங்களும் வென்றார். நாற்பது வயதைக் கடந்தபின் ஓய்வுபெற்று, மரக்கானாவிலேயே ஊழியராகப் பணியில் சேர்ந்தார். எந்த மண்ணில் அந்தக் கோல் விழுந்ததோ, அதனருகிலேயே அன்றாடப் பிழைப்பு! அரங்கத்தின் பழைய மரக் கம்பங்களை அகற்றியபோது அவற்றை அவருக்கே கொடுத்தார்கள் என்றும், அவர் நண்பர்களை அழைத்து அவற்றை எரித்து அந்த நெருப்பில் இறைச்சி சுட்டு விருந்து வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கம்பங்கள் வேறோர் ஊரில் இருப்பதாகச் சொல்வோரும் உள்ளனர். கதை பொய்யாக இருந்தாலும், அது ஏன் பிறந்தது என்பது நமக்குப் புரிகிறது.

ஒருநாள் கடையில் ஒரு பெண் அவரைத் தன் மகனுக்குச் சுட்டிக்காட்டி, நாட்டையே அழவைத்த மனிதர் இவர்தான் என்றாளாம். 1994 உலகக் கோப்பைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிரேசில் அணியைக் காணச் சென்றபோது, அவரால் தீயூழ் ஒட்டிக்கொள்ளும் என அஞ்சித் திருப்பி அனுப்பினர். அப்போது அவர் எழுபதைத் தாண்டிய முதியவர். அக்காலத்தில் பிரேசிலில் குற்றத்துக்கு மிகுதியான தண்டனை முப்பது ஆண்டுகளாக இருந்தது. தாமோ அதனினும் நெடுங்காலம் தண்டனை அனுபவிப்பதாக அவர் வருந்தினார். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று மறைந்தார்.

1988இல் 'பார்போசா' என்னும் குறும்படம் ஒன்று வெளிவந்தது. அதில் அவரே தோன்றிப் பேசுகிறார். சிறுவயதில் அந்த ஆட்டத்தைக் கண்டு மனமுடைந்த ஒருவன், வளர்ந்தபின் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து, அந்தக் கோலைத் தடுக்க மரக்கானாவுக்குள் நுழைகிறான். இலக்குக்குப் பின்னே ஓடிவந்து, எச்சரிக்க எண்ணிப் பார்போசாவைக் கூவி அழைக்கிறான். குரல் கேட்டுக் காவலரின் கவனம் ஒரு நொடி சிதறுகிறது. அந்த நொடியில் பந்து உள்ளே போய்விடுகிறது.